சேலத்திலிருந்து வடகோடித் தீவுகளுக்கு: ஆர்க்னி, ஷெட்லாந்து குழுப் பயணத்துக்குத் தயாராகும் முறை

ஸ்காட்லாந்து வரைபடத்தை விரித்தால் அதன் தலைக்கு மேலே சிதறிக் கிடக்கும் இரண்டு தீவுக் கூட்டங்கள் ஆர்க்னியும் ஷெட்லாந்தும். ஷெட்லாந்து அவ்வளவு தள்ளி இருப்பதால், வரைபடம் போடுகிறவர்கள் அதைத் தனியே எடுத்து ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒட்டிவிடுவது வழக்கம். அரசு அமைப்புகள் அப்படிச் செய்யக் கூடாது என்று 2018ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்திலேயே எழுத வேண்டிவந்தது. ஷெட்லாந்தின் பெரிய ஊர் லெர்விக் 60 பாகை வடக்கில் இருக்கிறது. சேலம் 11 பாகை சொச்சம். குளிர், காற்று, பகலின் நீளம், சாப்பாட்டு நேரம் என எல்லாம் மாறுவது இந்த இடைவெளியால்தான்.

லண்டன், எடின்பர்க் எல்லாம் பார்த்தாயிற்று, அடுத்து இந்தப் பக்கம் ஒரு குழுப் பயணம் போகலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். இங்கே நேரத்தை முடிவு செய்வது வழிகாட்டி அல்ல, காற்று. கப்பல் கிளம்புவதும், படகு கரை சேர்வதும், பாறை விளிம்புக்கு நடந்து போக முடிவதும் காற்று விட்டால்தான். அதனால் எத்தனை இடம் காட்டுவார்கள் என்று எண்ணாதீர்கள். ஒரு தீவில் எத்தனை இரவு தங்க வைக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

எந்த மாதம்

மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும். நம் பள்ளி விடுமுறையோடு ஒத்துப்போகும் காலம் என்பது கூடுதல் வசதி. பஃபின் என்னும் வண்ண அலகுக் கடற்பறவை ஏப்ரலில் கரைக்கு வந்து ஆகஸ்ட் தொடக்கத்தில் கடலுக்குத் திரும்பிவிடும். மிட்ஜ் என்ற கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சி ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப் பகுதியில் பெருகுவது ஜூனுக்குப் பிறகு. தீவுகளில் காற்று அதை விரட்டிவிடும். போகிற வழியில்தான் தொல்லை. மே கடைசியில் போனால் பஃபின் உண்டு, பூச்சி குறைவு, வெளிச்சம் ஏராளம்.

பஃபினும் வேண்டும், வடதுருவ ஒளியும் வேண்டும் என்று கேட்பவர்கள் நிறைய. இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது. ஜூனில் ஷெட்லாந்தில் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். நள்ளிரவிலும் வானம் முழுதாக இருட்டாது. இருட்டு இல்லாமல் வான ஒளி எப்படித் தெரியும்? அது செப்டம்பர் முதல் மார்ச் வரை பார்க்க வேண்டியது. அந்த மாதங்களில் பறவைத் தீவுகளுக்குப் போகும் சிறு படகுகள் பலவும் நின்றுவிடும். எது வேண்டும் என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

தீவுகளில் தங்கும் அறைகள் குறைவு. மே மாதப் பயணத்துக்கு முந்தைய புரட்டாசி, ஐப்பசிக்குள் இடம் பிடித்துவிட வேண்டும். பொங்கலுக்குப் பிறகு தேடினால் குழுவில் ஒரு இடம் கிடைக்கலாம். நான்கு பேர் குடும்பமாகக் கிடைப்பது கடினம்.

பயணத் திட்டத்தை எப்படிப் படிப்பது

ஏஜென்ட் அனுப்பும் தாளில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் இரவுகளை மட்டும் எழுதுங்கள். பத்து இரவுப் பயணத்துக்கு நல்ல கணக்கு இப்படி இருக்கும்: இன்வர்னஸ் நகரில் 1, பெருநிலத்தின் வட கடற்கரையில் 1, ஆர்க்னியில் 3, ஆர்க்னியிலிருந்து ஷெட்லாந்துக்கு இரவுக் கப்பலில் 1, ஷெட்லாந்தில் 2, லெர்விக்கிலிருந்து அபர்டீனுக்கு இரவுக் கப்பலில் 1, கடைசியில் அபர்டீனில் அல்லது எடின்பர்க்கில் 1.

அந்தக் கடைசி ஒரு இரவைத்தான் பல திட்டங்கள் வெட்டிவிடுகின்றன. காலை 7 மணிக்குக் கப்பல் அபர்டீன் வந்து சேரும், மதியம் விமானம் என்று போட்டிருப்பார்கள். தாளில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். காற்று பலமாக இருந்தால் அந்தக் கப்பல் பல மணி நேரம் தாமதமாகும், அல்லது கிளம்பவே கிளம்பாது. லண்டன் விமானம் போய், அதன் பின்னால் சென்னை விமானமும் போய்விடும். டிக்கெட்டுகள் தனித்தனியாக வாங்கியவை என்றால் ஒரு நிறுவனமும் பொறுப்பேற்காது. அந்த ஒரு இரவின் அறை வாடகை கடைசி நிமிடம் வாங்கும் ஒரு விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இந்த இரவு இல்லாத திட்டத்தை வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியவை: வண்டியில் எத்தனை பேர்? பதினாறு பேருக்குள் என்றால் நல்லது. ஒற்றைத் தடச் சாலைகளில் பெரிய பஸ் நுழையாது, நுழைந்தாலும் ஒதுங்க இடம் பார்த்துப் பார்த்தே பொழுது போய்விடும். இரவுக் கப்பலில் படுக்கை அறை சேர்த்தியா, சாய்வு நாற்காலி மட்டுமா? பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் படுக்கை அறைதான். ஆர்க்னியின் கற்கால மேஸ்ஹோ கல்லறைக்கு நேரம் குறித்த டிக்கெட் வாங்கியாயிற்றா? அது முன்பதிவு இல்லாமல் கிடைப்பது அரிது. கப்பல் ரத்தானால் அன்றைய அறைச் செலவு யாருடையது? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கேட்க மறந்துவிடும் இன்னொன்று: ஆர்க்னியின் கெர்க்வால் துறைமுகத்துக்கு உல்லாசப் பெருங்கப்பல்கள் வரும் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். விவரம் தெரிந்த வழிகாட்டி அந்த நாட்களில் ஸ்கேரா பிரே என்ற கற்கால ஊர் போன்ற இடங்களைக் காலை திறக்கும் நேரத்துக்கோ மாலைக்கோ மாற்றிவிடுவார். உங்கள் குழு அங்கிருக்கும் நாட்களில் கப்பல் வருகிறதா, மாற்றுத் திட்டம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறினால், அந்தத் திட்டத்தைப் போட்டவர் தீவுக்குப் போகாதவர் என்று அர்த்தம்.

விசா, விமானம்

ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பிரிட்டன் பார்வையாளர் விசா தனி. பயண நாளுக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பின் முடிவு வர வழக்கமாக 3 வாரம். மே கடைசியில் கிளம்புகிறவர்கள் பிப்ரவரி கடைசியிலேயே போட்டுவிட வேண்டும். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று லட்சக்கணக்கில் பணம் விழுந்திருப்பது சந்தேகத்தைக் கிளப்பும். நகைக் கடன், நிலம் விற்ற பணம் என்று எதுவாக இருந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்பதற்கான காகிதத்தைச் சேர்த்து வையுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்கள், அது வெள்ளிப் பட்டறையோ தறியோ, வருமான வரித் தாக்கலையும் தொழில் பதிவுச் சான்றையும் கட்டாயம் வைக்கவும்.

சேலத்திலிருந்து லண்டன் விமானம் பிடிக்க சென்னை, பெங்களூரு இரண்டும் உண்டு. தூரம் குறைவு என்று பெங்களூருவைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில். ஓசூர் பக்கமாக நுழைந்து முழு நகரத்தையும் தாண்ட வேண்டும். சாலை நேரத்தோடு இன்னும் 2 மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னை என்றால் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியற்காலை இறங்கலாம். நெரிசல் பயம் இல்லை.

ஏற்காட்டில் ஒத்திகை

இந்தப் பயணத்துக்கு நமக்கு வாய்த்த பெரிய வசதி சேர்வராயன் மலை. வேறு ஊர்க்காரர்களுக்கு இது கிடையாது. முறையாகப் பயன்படுத்தினால் பாதிச் சிக்கல் வீட்டிலேயே தீரும்.

குளிரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஷெட்லாந்தில் ஜூலை மாத நண்பகல் வெப்பம் சுமார் 14 டிகிரி. ஏற்காட்டில் மார்கழி விடியற்காலை இருக்கும் அதே குளிர்தான் அங்கே கோடை நண்பகல். ஆனால் அங்கே அதன்மேல் காற்று ஏறும். அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மார்கழியில் ஏற்காட்டில் ஒரு இரவு தங்குங்கள். காலை 6 மணிக்கு, பயணத்துக்கு வாங்கிய உடுப்பு முழுவதையும் போட்டுக்கொண்டு, ஹெல்மெட் மாட்டி, பைக்கின் பின் இருக்கையில் உட்காருங்கள். ஓட்டுகிறவர் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். ஏரிச் சாலையில் கால் மணி நேரம். இறங்கியதும் கழுத்து, மணிக்கட்டு, முழங்கால் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். எங்கே ஜில்லென்று இருக்கிறதோ அங்கே காற்று புகுந்திருக்கிறது. கழுத்து என்றால் குழாய் போல் கழுத்தில் மாட்டும் பஃப் துணி ஒன்று. மணிக்கட்டு என்றால் நீளக் கையுறை. முழங்கால் என்றால் ஜீன்ஸ் போட்டிருக்கிறீர்கள், அதை மாற்றுங்கள். பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் அந்தக் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயாது, காலோடு ஒட்டி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது வயிறு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். வீட்டில் யார் யாருக்குக் குமட்டுகிறது என்பது ஏற்கெனவே தெரிந்திருக்கும். பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஏறும்போது குமட்டுகிறவருக்குக் கப்பலில் நிச்சயம் குமட்டும். அவருக்கு மாத்திரை அவசியம் என்று இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரையை முதல் முறை சாப்பிடுவதும் இந்த மலைப் பயணத்திலேயே இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது, வாய் எவ்வளவு வறள்கிறது என்று இங்கேயே தெரிந்துவிடும். அவோமின் போன்றவை பரவலாகக் கிடைக்கின்றன என்றாலும் கண் நீர் அழுத்தம், புராஸ்டேட், மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மூன்றாவது கால். கிளம்புவதற்கு 6 வாரம் முன்பே ஷூவைப் பழக்க வேண்டும். வாரநாட்களில் காலை 4 முதல் 5 கிலோமீட்டர் சமதள நடை. ஞாயிறுகளில் ஏற்காடு: கிளியூர் அருவிப் படிகளில் இறங்கி ஏறுங்கள், மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு முறை. இறங்குவதைக் குறைவாக எண்ணாதீர்கள். முழங்காலைச் சோதிப்பது இறக்கம்தான். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் வேலிகோ என்ற இடத்தில் பாறைச் செங்குத்தை வெட்டி முந்நூறுக்கும் மேற்பட்ட கல் படிகள் கடல் வரை போகின்றன. அந்தக் காலத்தில் மீன் கூடைகளைப் பெண்கள் சுமந்து ஏறிய படி. கைப்பிடி கிடையாது, மழையில் வழுக்கும். கிளியூரில் மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் அங்கே இறங்கலாம். மற்றவர்கள் மேலேயிருந்து பார்த்தாலே போதும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

சேர்வராயன் கோயிலுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். குகைக்குள் குனிந்து நுழையும்போது அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முதுகு பிடிக்கிறதா, இருட்டில் மூச்சு முட்டுவது போல் இருக்கிறதா என்று கவனியுங்கள். மேஸ்ஹோவுக்குள் போக சுமார் 10 மீட்டர் நீளக் கல் பாதையை இடுப்பளவு குனிந்தபடியே கடக்க வேண்டும். நடுவில் நிமிர முடியாது, பின்னால் ஆட்கள் இருப்பார்கள்.

ஜெர்கின், பை

வெறும் குளிர் ஜெர்கின் வேண்டாம். மூன்று அடுக்கு போடுங்கள்: உடம்போடு ஒட்டிய கம்பளி அல்லது செயற்கை இழைப் பனியன், நடுவில் ஃபிளீஸ் அல்லது மெல்லிய ஸ்வெட்டர், மேலே தண்ணீர் புகாத மழை ஜெர்கின். பஞ்சடைத்த தடிமனான ஜெர்கின் ஒன்றே போதும் என்று எடுத்துப் போகிறவர்கள் வண்டிக்குள் வேர்த்து, வெளியே நனைந்து, மூன்றாம் நாள் சளியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மழை ஜெர்கினை நம்புவதற்கு முன் சோதியுங்கள். உள்ளே செய்தித்தாளை மடித்துத் திணித்து, ஜிப்பை மூடி, ஹேங்கரில் மாட்டி, தோட்டத்துக் குழாயைத் தோள் தையல் மீது 10 நிமிடம் பிடியுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். தோளில் நனைந்திருந்தால் தையலுக்கு உள்பட்டி சரியில்லை. ஜிப் ஓரம் நனைந்திருந்தால் மேல் மடிப்பு இல்லாத ரகம். இரண்டுமே அங்கே உதவாது, ஏனென்றால் அங்கே மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கத்திலிருந்து அடிக்கும். குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். முதல் அரை மணியில் கம்பி திரும்பிவிடும். மழைப் பேன்ட் கட்டாயம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சேலையும் துப்பட்டாவும் கெர்க்வால் தெருவிலோ தேவாலயத்திலோ சரி. பாறை விளிம்பில் வேண்டாம். காற்று துணியைப் பிடித்து இழுக்கும்போது கால் தானாக ஒரு அடி நகரும். அந்த ஒரு அடிதான் அங்கே ஆபத்து. சுடிதார் என்றால் துப்பட்டா இல்லாமல், மேலே ஜெர்கின்.

சிறு வண்டிகளில் ஒருவருக்குச் சுமார் 15 கிலோ என்று எல்லை வைப்பது வழக்கம். சக்கரப் பெட்டியைவிட மடங்கும் துணிப் பை நல்லது. கூடவே கண்மூடித் துணி ஒன்று, இரவு 11 மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் இருக்கும். மூன்று பட்டைக் கால் பிளக்குக்கான அடாப்டர், தினசரி மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு கைப்பையில், இரண்டு நாள் கூடுதலாக.

கப்பலில்

பெருநிலத்துக்கும் ஆர்க்னிக்கும் நடுவே இருப்பது பென்ட்லண்ட் நீரிணை. அட்லாண்டிக் ஒருபக்கம், வடகடல் மறுபக்கம்; இரண்டின் நீர்மட்டமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால் நடுவில் தண்ணீர் ஆறு போல் ஓடும். உலகின் வேகமான கடல் ஓட்டங்களில் இதுவும் ஒன்று. ஓட்டம் ஒரு திசை, காற்று எதிர்த்திசை என்றால் அலை குத்துக்கல் போல் எழும். பெருநிலத்தின் ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னஸ் வரை ஒன்றரை மணி நேரம். கில்ஸ் பே வழியாகப் போனால் சுமார் ஒரு மணி. முதல் வழியில் ஹோய் தீவின் ஓரமாகக் கப்பல் போகும்போது, கடலில் தனித்து நிற்கும் 137 மீட்டர் உயரக் கல் தூணைப் பக்கத்தில் பார்க்கலாம்.

மாத்திரையைக் குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் பயனில்லை. வயிறு அதை வெளியே தள்ளிவிடும். ஏறுவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிடுவதும் ஆகாது: இரண்டு ரொட்டித் துண்டு, சுக்குக் காப்பி. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். முனையிலும் மேல்தளத்திலும் ஆட்டம் அதிகம். போனைப் பார்க்கக் கூடாது. தொடுவானத்தைப் பாருங்கள், அது ஆடாது. முடியாமல் போனால் கண்ணை மூடி மல்லாந்து படுப்பது உட்கார்ந்திருப்பதைவிட நல்லது.

இரவுக் கப்பலில் வண்டித்தளத்துக்குப் பயணத்தின் நடுவே போக விடமாட்டார்கள். பல் துலக்கும் பிரஷ், மாத்திரை, மாற்று உடை, பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

சாப்பாடு

பிரிட்டனுக்குள் இந்தியாவிலிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எண்ணெய் பிரிய மூடிய புளிக்காய்ச்சல், கெட்டி அவல், தட்டை போன்றவை எடுத்துக்கொள்ளலாம். பொடிக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய். தட்டுவடை செட் ஆசை இருந்தால் தட்டையை மட்டும் கொண்டுபோய், காரட்டும் பீட்ரூட்டும் அங்கே கடையில் வாங்கித் துருவிக்கொள்ளலாம். அறையில் கெட்டில் இருக்கும். அவல் மூழ்க வெந்நீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்து, மிச்ச நீரை வடித்துவிட்டுப் புளிக்காய்ச்சல் கலந்தால் இரவுச் சாப்பாடு முடிந்தது. இது வெறும் ஆசைக்காகச் சொல்வதல்ல: சிறு ஊர் உணவகங்கள் பலவும் இரவு 8, 8:30க்கு அடுப்பை அணைத்துவிடும். வெளிச்சம் இருக்கிறதே என்று 9 மணிக்குப் போனால் கதவு மூடியிருக்கும்.

சைவர்கள் “வெஜிடேரியன்” என்று சொல்வதோடு நிறுத்த வேண்டாம். அங்கே முட்டை அதில் சேர்ந்துவிடும். பருப்பு சூப் பார்க்க நம் பருப்புத் தண்ணீர் போலத்தான் இருக்கும். ஆனால் ஸ்காட்லாந்து வீட்டு முறையில் அதைப் பன்றிக் கால் வேகவைத்த நீரில் செய்வது வழக்கம். உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் நிறைய. ஒவ்வொன்றுக்கும் “என்ன ஸ்டாக், என்ன எண்ணெய்” என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், உள்ளே போய் விசாரித்து வந்து சொல்வார்கள். ஓட்ஸ் கஞ்சி எங்கும் கிடைக்கும். ஆர்க்னியில் “பேர்” (bere) என்ற பழைய வாற்கோதுமையில் சுடும் தட்டை ரொட்டி உண்டு. நம் கம்பு அடை பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

சாலையோரத்தில் ஆளில்லாத பெட்டியில் கேக், முட்டை வைத்திருப்பார்கள், பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. சில்லறை பவுண்டு நாணயங்கள் பையில் இருக்கட்டும்.

வழிகாட்டிக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் ஏற்காட்டுக் காப்பித்தூள் கால் கிலோ கொடுங்கள். இந்த மலைக்கு 1820களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்ன் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இறங்கிய பிறகு

ஆர்க்னியில் நேரம் தவறினால் மொத்தமாகத் தவறும் இடம் பர்சே மேடு. கடலுக்குள் நிற்கும் சிறு தீவு. கடல் வற்றும்போது மட்டும் நடந்து போக ஒரு பாதை தெரியும். சேலத்துக்காரர்களுக்குக் கடல் ஏறி இறங்கும் ஓதம் பழக்கமில்லை என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கடல் ஏறி, இறங்கி, மறுபடி ஏற சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நேற்று வற்றிய நேரத்திலிருந்து இன்று வற்றும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பர்சேவில் முழுதாக வற்றும் நேரத்துக்கு 2 மணி முன்பிருந்து 2 மணி பின்பு வரை பாதை திறந்திருக்கும். பாசி படிந்த கல். கை வீசி நடக்காமல் பாதம் முழுவதும் ஊன்றி நடக்க வேண்டும். திரும்பும் நேரத்தை வழிகாட்டி சொன்னால் அதில் பேரம் பேசாதீர்கள். தண்ணீர் முதலில் பாதையின் நடுவில்தான் ஏறும். தீவின் மேலிருந்து பார்க்கிறவருக்குக் கரை இன்னும் காய்ந்திருப்பது போலவே தெரியும்.

ஸ்கேரா பிரே 1850இல் ஒரு புயல் மணலை அள்ளிப் போனதால் வெளிப்பட்ட ஊர். 5,000 ஆண்டுப் பழமை; கல் கட்டில், கல் அலமாரியெல்லாம் அப்படியே. நம் சேர்வராயன் மலையில் கிடைத்த வழவழப்பான கற்கோடரிகளும் புதிய கற்காலத்தவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்த அலமாரியில் என்ன வைத்திருப்பார்கள் என்ற கேள்வி தானாக எழும். மேஸ்ஹோவில் கல் அறைச் சுவரில் 12ஆம் நூற்றாண்டில் புகுந்த வைக்கிங் வழி நார்ஸ் மக்கள் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. வழிகாட்டி டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும்போதுதான் தெரியும்; அவர் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.

ஷெட்லாந்தில் பஃபின் பார்க்க எளிய இடம் தெற்கு முனையான சம்பர்க் ஹெட். கல் சுவருக்கு இப்பால் நின்றபடியே சில அடி தூரத்தில் பார்க்கலாம். நடுப்பகலில் பல பறவைகள் கடலில் இருக்கும். மாலையில் கூட்டம் கூடும். சுவரைத் தாண்ட வேண்டாம். பஃபின் புல்தரைக்குள் வளை தோண்டிக் கூடு வைப்பதால், தரை எலி வளை நிறைந்த வரப்பு போல மேலே பச்சையாகவும் உள்ளே பொள்ளலாகவும் இருக்கும். மிதித்தால் இடியும், கீழே கடல்.

வடக்கே உன்ஸ்ட் தீவுக்குப் போக இரண்டு சிறு படகுகள் மாற வேண்டும். அங்கே ஹெர்மனஸ் மேட்டில் பெரிய ஸ்குவா பறவை தலையை நோக்கிப் பாய்ந்து வரும். ஒரு கையையோ ஊன்றுகோலையோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் உயரமான அந்த முனையைத்தான் குறிவைக்கும். குஞ்சு இருக்கும் இடத்தை விட்டு விலகி நடந்தால் விட்டுவிடும். செத்த பறவை எதையும் தொடாதீர்கள்; சில ஆண்டுகளாகப் பறவைக் காய்ச்சல் இந்தக் கூட்டங்களைப் பெரிதும் அழித்திருக்கிறது.

மவுசா தீவின் 13 மீட்டர் உயரக் கல் கோபுரம் 2,000 ஆண்டுக்கு முந்தையது. அதன் கல் இடுக்குகளில் கூடு வைக்கும் சிறு கடற்பறவைகள் நள்ளிரவில் திரும்பும் காட்சிக்குத் தனிப் படகு உண்டு, மே கடைசியிலிருந்து ஜூலை நடு வரை. காற்றடித்தால் ரத்து. கூடுமானால் ஷெட்லாந்தின் முதல் இரவுக்கே பதிவு செய்யுங்கள். ரத்தானால் மறுநாள் இன்னொரு வாய்ப்பு இருக்கக்கூடும்.

ஒரு நாள் முழுக்க மூடுபனி இறங்கி எதுவும் தெரியாமல் போகவும் கூடும். அந்த நாளில் வழிகாட்டியை விரட்ட வேண்டாம். லெர்விக் அருங்காட்சியகமும் கெர்க்வாலில் 1137இல் தொடங்கிய செயின்ட் மேக்னஸ் தேவாலயமும் அப்படிப்பட்ட நாட்களுக்கென்றே கையில் வைத்திருக்க வேண்டியவை. தெளிந்த நாளில் அங்கே போய் நேரத்தைச் செலவழிக்கும் திட்டம் தவறான திட்டம்.

ஊர் திரும்பியதும் மழை ஜெர்கினைப் பெட்டியில் மடித்து வைத்துவிடாதீர்கள். கடல் உப்பு துணியில் தங்கியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் குறைந்த சோப்பில் அலசி, நிழலில் காயவிடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றவே கூடாது. மேல்பூச்சு போய், அடுத்த மழையில் துணி தண்ணீரைக் குடிக்கும். ஷூவுக்குள் செய்தித்தாளை அடைத்து இரண்டு நாள் காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம். மே மாதச் சேலத்து வெயிலில் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும்.